முழங்கால் வலியும் நானோ ஊசியும்

போன பதிவில் உடையார்பாளையம் தபால் ஆபீஸ் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். மீதியை அடுத்த முறை எழுதுகிறேன். இந்த வாரம் வேறொன்றை எழுதியே ஆக வேண்டும்.

பத்து நாளைக்கு முன் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஒரு போன். பெரம்பலூரில் என்னோடு கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். வழக்கமாக பென்ஷன் அரியர்ஸ் பற்றித்தான் பேசுவார். அன்றைக்குக் குரலே வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, நீங்க நெட்ல எல்லாம் படிக்கிறவங்க. எலும்புப் புத்துநோய்க்கு நானோ ஊசி வந்துடுச்சாமே, எந்த ஊர்ல போடறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்குப் பதினைந்து வயது. வாலிபால் ஆடுகிற பையன். வலது முழங்காலுக்கு மேலே வலி, பிறகு வீக்கம். சென்னையில் காட்டி, சதை எடுத்துப் பரிசோதித்து, ஆஸ்டியோசார்கோமா என்று சொல்லிவிட்டார்கள். எலும்பிலேயே தோன்றுகிற புற்றுநோய். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடி கீமோ என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். இதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. நானோ துகளில் மரபணுவை ஏற்றி ஊசி போட்டால் அது நேராகப் புற்று செல்லுக்குப் போய்விடுமாம், வெட்டவே வேண்டாமாம். கீழே ஒரு போன் நம்பர். மாப்பிள்ளையின் அண்ணன் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பதிவு செய்ய முன்பணம் இரண்டு லட்சம், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. வீட்டில் பாதிப் பேர் கீமோவைத் தள்ளிப் போடலாம் என்கிறார்கள்.

இரண்டு நாள் டைம் கேட்டேன். உட்கார்ந்து படித்தேன். புரியாததை, டாக்டராக இருக்கும் என் தங்கை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் கண்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இந்தப் பதிவைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். வீட்டில் பேரன் பேத்தி உள்ளவர்கள். நம்மிடம்தான் முதலில் கேட்பார்கள்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யில்லை. அதுதான் தொல்லையே. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

மரபணு சிகிச்சை என்றால், செல்லுக்குள் கெட்டுப்போன ஒரு கட்டளைக்குப் பதிலாக நல்ல கட்டளையை அனுப்புவது, அல்லது கெட்ட கட்டளையை வாயடைப்பது. ஆஸ்டியோசார்கோமாவில் பி53 என்ற மரபணு பெரும்பாலும் கெட்டுப் போயிருக்கிறது. செல் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் காவல்காரன் அது. நல்ல பி53-ஐ அனுப்பி வைத்தால் என்ன என்று கேட்பது நியாயம்தான். எழுத வேண்டிய கடிதம் என்னவென்று விஞ்ஞானிகளுக்கு ஓரளவு தெரியும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

முப்பத்தேழு வருஷம் தபால் துறையில் குப்பை கொட்டியவனுக்கு எல்லாமே தபாலாகத்தான் தெரியும், மன்னிக்கவும். ஆனால் இந்த விஷயம் உண்மையிலேயே பட்டுவாடா விஷயம்தான். மரபணுக் கட்டளையை, அதிலும் ஆர்.என்.ஏ. வடிவில், அப்படியே ரத்தத்தில் விட்டால் மழையில் போட்ட போஸ்ட் கார்டு மாதிரி. ரத்தத்தில் உள்ள நொதிகள் சில நிமிஷத்தில் சிதைத்துவிடும். அதற்கு ஒரு கவர் வேண்டும். அந்தக் கவர்தான் நானோ துகள். கொழுப்பினால் செய்த சின்ன உருண்டை, குறுக்களவு நூறு நானோமீட்டர் வாக்கில். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். கொழுப்புதான் என்றில்லை, இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசானிலும் செய்து பார்க்கிறார்கள். கால்சியம் பாஸ்பேட்டிலும் செய்கிறார்கள். நம் எலும்பின் தாதுப்பொருளே அதுதான். சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் ஆக்குகிற ஊரில் பிறந்த எனக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

கொழுப்புக் கவர் கற்பனை அல்ல. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் கொரோனாவுக்குப் போட்டுக்கொண்ட பைசர், மாடர்னா இரண்டும் இந்தக் கவரில் வந்த கடிதங்கள்தான். நமக்குப் போட்ட கோவிஷீல்டு வேறு ரகம். தீங்கு செய்யாதபடி முடக்கிய ஒரு வைரஸின் முதுகில் மரபணுவை ஏற்றி அனுப்பினார்கள். அதற்கும் முன்பே, 2018-இல், கொழுப்பு நானோ துகளில் ஏற்றிய பட்டிசிரான் என்ற ஆர்.என்.ஏ. மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது, நரம்புகளைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு. 2025-இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தைக்காகவே தயாரித்த மரபணுத் திருத்த மருந்தை இதே மாதிரிக் கவரில் வைத்துக் கொடுத்தார்கள்.

அப்படியானால் எலும்புப் புற்றுக்கு மட்டும் ஏன் இல்லை?

பட்டிசிரான், பிலடெல்பியா குழந்தை இரண்டிலும் மருந்து போக வேண்டிய இடம் கல்லீரல். கொழுப்புத் துகளை ரத்தத்தில் விட்டால் அது தானாகவே பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகும். எந்த ஊர் விலாசம் எழுதினாலும் எல்லாத் தபாலும் ஒரே ஊரில் இறங்குகிற மாதிரி. விலாசதாரர் அந்த ஊரிலேயே இருந்துவிட்டால் அதிர்ஷ்டம். முழங்கால் எலும்பில் இருந்தால்?

2016-இல் டொரண்டோ ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் விலங்குகளில் செய்து வெளியான நானோ துகள் சோதனைகளை எல்லாம் திரட்டி, செலுத்திய மருந்தில் எவ்வளவு புற்றுக்கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தார்கள். நடுத்தர அளவு 0.7 சதவீதம். ஆயிரம் கடிதம் போட்டால் ஏழு பட்டுவாடா. மீதி கல்லீரலிலும் மண்ணீரலிலும், அந்நியப் பொருளைக் கண்டால் விழுங்குகிற காவல் செல்களின் வயிற்றிலும். எங்கள் டிவிஷனில் இப்படி ஒரு மாதம் நடந்திருந்தால் அத்தனை பேருக்கும் சார்ஜ் ஷீட் வந்திருக்கும்.

அந்த ஏழிலும் ஒரு சங்கதி இருக்கிறது. செல் அந்தத் துகளை உள்ளே இழுக்கும்போது ஒரு சின்னப் பைக்குள் போட்டுத்தான் இழுக்கிறது. அந்தப் பை கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பதைச் செரித்துவிடும். அதற்குள் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது நூற்றில் ஒன்றிரண்டுதான் என்று அளந்திருக்கிறார்கள். கடிதம் வீட்டுக்குள் போய்விட்டது, ஆனால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

இனி விலாசம் எழுதுகிற கதை. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம்மில் சில பெண்மணிகள் எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்பார்களே, அலென்ட்ரோனேட், அதுதான். அந்த மருந்துக்கு எலும்பின் தாதுப்பொருளைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் ஆய்வாளர்கள் அதையே நானோ துகளின் மேல் விலாசச் சீட்டு போல ஒட்டி அனுப்பிப் பார்க்கிறார்கள். துகள் எலும்பைத் தேடிப் போகிறது. என் வீட்டு அலமாரியில் இருக்கிற பத்து மாத்திரை அட்டைக்குள் இப்படி ஒரு சாமர்த்தியம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனால் அதில் எழுதியிருப்பது ஊர்ப் பெயர் மட்டும்தான். நம் இரண்டு மாவட்டத்துப் பின்கோடும் பெரும்பாலும் 621 என்று ஆரம்பிக்கும். வெறும் 621 என்று எழுதிப் போட்டால் கடிதம் யார் வீட்டுக்குப் போகும்? உடம்பில் இருநூற்றாறு எலும்பு. அதிலும் வளர்கிற பிள்ளைக்கு எலும்பு நுனிகள் எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும், அங்கேயும் போய் ஒட்டும். இன்னொன்று, இந்த நோயில் உயிரை வாங்குவது பெரும்பாலும் முழங்கால் கட்டி அல்ல. அது நுரையீரலுக்குப் பரவுவதுதான். எலும்பு விலாசம் அங்கே எந்த அளவுக்கு உதவும்?

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அதை எனக்கு விளங்க வைத்தது வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில், ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, ஒரு வைரஸ் மூலமாக நல்ல மரபணுவைச் சேர்த்து, திருப்பி உடம்பில் செலுத்தினார்கள். அதன் பிறகு கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக் கசிவே வரவில்லை. 2024 டிசம்பரில் உலகப் புகழ் பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளிவந்தது. நம் மாநிலத்தில் நடந்த வேலை. இன்னும் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும், நாம் பேசவில்லை.

"அப்படின்னா வேலூர்ல புத்துக்கும் பண்ணுவாங்களே அண்ணே" என்றார் நண்பர். பண்ண முடியாது. ஹீமோபிலியா மணி ஆர்டர் மாதிரி. வீட்டில் யாராவது ஒருத்தர் வாங்கிக்கொண்டால் போதும், குடும்பமே சாப்பிடும். சில செல்கள் சரியாகி, குறைவாக இருந்த பொருளைச் சுரந்தால் உடம்பு முழுக்கப் பயன்படும். புற்றுநோய் போலியோ சொட்டு மருந்து மாதிரி. ஒரு வீடு விடாமல் போக வேண்டும். நூறு செல்லில் தொண்ணூற்றொன்பதைச் சரிசெய்து ஒன்றை விட்டாலும் அந்த ஒன்று திரும்பக் கிளம்பும். ஆயிரத்துக்கு ஏழு பட்டுவாடா ஆகிற தபாலை நம்பி இந்த வேலையை எப்படிக் கொடுப்பது?

நானோ கவரில் வந்து, ஆஸ்டியோசார்கோமாவுக்கென்றே ஐரோப்பாவில் 2009-இல் அனுமதி பெற்ற மருந்து ஒன்று இருக்கிறது. பெயர் மிஃபமுர்டைட். ஆனால் அது மரபணு மருந்து அல்ல. அது புற்று செல்லைத் தேடிப் போவதும் இல்லை. துகளை விழுங்கும் காவல் செல்களிடமே வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு, அவற்றை உசுப்பிவிடுகிறது. கெட்டிக்கார யோசனைதான். அதையும் ஆபரேஷனுக்குப் பிறகு கீமோவோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். அதற்குப் பதிலாக அல்ல. அமெரிக்க அரசு அதற்கு அனுமதியே தரவில்லை.

ஆக, நண்பரிடம் நான் சொன்னது: "தம்பி, அந்த ஊசி எந்த ஊர்லயும் இல்ல. எலிக்குப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்காங்க."

பத்திரிகைக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. எலிக்குக் குணமானால் தலைப்பிலேயே எலி இருக்க வேண்டும். ஒன்பதாவது பத்தியில் எலியை ஒளித்து வைக்கக் கூடாது.

இவ்வளவு பதற்றம் உனக்கு ஏன் என்று கேட்பீர்கள். 1983-இல் நான் ஜெயங்கொண்டத்தில் கிளார்க். எங்கள் போஸ்ட்மேன் ஒருவரின் மகள், பதிமூன்று வயது, ஓட்டப்பந்தயத்தில் கெட்டிக்காரி. முழங்காலுக்குக் கீழே வலி என்றது. விழுந்திருக்கும் என்று நினைத்தோம். பக்கத்து ஊரில் ஒரு கட்டு வைத்தியர் இருந்தார். எலும்பு முறிவுக்கு நல்ல பெயர் எடுத்தவர், என் தம்பி கையையே சரியாகக் கட்டியவர். "கைராசிக்காரர், அங்க போய்ப் பாருங்க" என்று அந்தப் போஸ்ட்மேனிடம் சொன்னதே நான்தான். எண்ணெய் போட்டு உருவிவிட்டு, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பூசிக் கட்டுப் போட்டார்கள். வாரா வாரம் கட்டு மாற்றினார்கள். மூன்று மாதம் போயிற்று. ராத்திரியில் வலி தாங்காமல் பிள்ளை அழுகிறது என்று அவர் சார்ட்டிங் மேஜையில் உட்கார்ந்து சொல்லுவார். நாங்களும் புதுக் கட்டு, அப்படித்தான் இருக்கும் என்போம். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், தொடையோடு காலை எடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து இருமல் வந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

அந்த மூன்று மாதம் போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது என்றுதான் எந்த டாக்டரும் சொல்வார். ஆனால் இந்த வீக்கத்தை எண்ணெய் போட்டு உருவக் கூடாது, பரவ வழி செய்யும் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். நண்பர் வீட்டில் "ரெண்டு மாசம் பாப்போம்" என்று சொன்னபோது எனக்கு அந்த உளுத்தமாவு வாடை வந்தது. அன்றைக்குப் பழைய வைத்தியத்தின் பெயரில் தள்ளிப் போட்டோம். இன்றைக்குப் புது வைத்தியத்தின் பெயரில் தள்ளிப் போடுகிறோம். கட்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

என் பேச்சைக் கேட்டுவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்ப காலை எடுத்துடுவாங்களாண்ணே?" என்றார். அதுதான் அந்த வீட்டின் உண்மையான பயம். ஊசியைத் தேடியது அந்தப் பயத்தினால்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது பெரும்பாலும் காலை எடுப்பதில்லை. கட்டி உள்ள எலும்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு உலோக எலும்பும் மூட்டும் பொருத்துகிறார்கள். இதில் நம் சென்னைக்கே தனிப் பெருமை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மயில்வாகனன் நடராஜன், வெளிநாட்டு விலை கொடுக்க முடியாத ஏழைப் பிள்ளைகளுக்காக, ஒவ்வொருவர் அளவுக்கும் ஏற்ப இங்கேயே செய்வித்த உலோக மூட்டுகளைப் பொருத்திக் கால்களைக் காப்பாற்றினார். 2007-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நானோவும் இல்லை, மரபணுவும் இல்லை. கடைசல் பட்டறையில் செய்த உலோகம். வாட்ஸ்அப்பில் அதை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

கீமோவும் அப்படித்தான். 1970-களுக்கு முன் காலை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதே நோயில் 1977-இல் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு 1980-இல் கனடாவின் குறுக்கே ஓடியவர். பாதி வழியில் நுரையீரலில் நோய் வந்து நின்றார். மறு வருஷம், இருபத்திரண்டு வயதில், இறந்தார். கீமோ வந்த பிறகு, பரவுவதற்கு முன் கண்டுபிடித்தால் மூன்றில் இரண்டு பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். பரவிய பிறகு வந்தால் அந்தக் கணக்கு மோசமாகக் குறைந்துவிடும்.

இங்கே நான் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்வதாக நினைப்பீர்கள். அந்த மூன்றில் இரண்டு என்ற கணக்கு 1980-களில் எட்டியது. இன்றும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்று அதே மூன்று மருந்துகள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தந்தி மணி டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தந்தியே ஒழிந்துவிட்டது, இந்த மருந்துகள் மாறவில்லை. காரணம், நோய் அபூர்வம். உலகக் கணக்கில் பத்து லட்சம் பேருக்கு வருஷத்தில் மூன்று நான்கு பேர். 2011 கணக்கெடுப்பில் அரியலூர், பெரம்பலூர் இரண்டும் சேர்ந்து பதின்மூன்று லட்சம் ஜனம். அந்த வீதத்தில் நம் பக்கம் வருஷத்துக்கு நாலைந்து பிள்ளைகள். இந்த நாலைந்துக்காக எந்தக் கம்பெனியும் பணத்தைக் கொட்டாது. அரசாங்கம்தான் கொட்ட வேண்டும். நம்மிடமிருந்து எட்டுகிற தூரத்தில் தஞ்சாவூர் சாஸ்த்ராவில் நானோ தொழில்நுட்பத்துக்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களுக்குப் பணம் தாராளமாகப் போக வேண்டும், பத்து வருஷம் பலன் இல்லாவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்காக 2023-இல் நோபல் பரிசு வாங்கிய கட்டலின் கரிக்கோ அம்மையாரைப் பல வருஷம் யாரும் சீந்தவில்லை. அந்தப் பொறுமைதான் பைசர் ஊசியாக வந்தது.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் பொறுமையாக இருக்கட்டும். பிள்ளைக்கு முழங்கால் வலிக்கிற வீட்டில் பொறுமை கூடாது. பத்திலிருந்து இருபது வயதுக்குள், அடிபட்ட காரணம் சரியாகத் தெரியாமல், சில வாரமாக விடாத வலி, ராத்திரியில் கூடுகிற வலி, முழங்காலைச் சுற்றியோ தோள்பட்டைக்குக் கீழோ வீக்கம் என்றால் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். அரியலூரிலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்பு போல ஒரு எக்ஸ்ரேவுக்குத் திருச்சி பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். சந்தேகம் என்று சொன்னால், சதை எடுக்கும் பரிசோதனையைக் கண்ட இடத்தில் செய்துகொள்ள வேண்டாம். ஆபரேஷன் செய்யப்போகும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே செய்ய வேண்டும். தப்பான இடத்தில் ஊசி குத்தினால் காப்பாற்ற வேண்டிய காலைக் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்கிறார் தங்கை மகன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

புது மருந்து ஆய்வு என்று யாராவது சொன்னால், நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். முறையான ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள். நண்பர் அந்த வாட்ஸ்அப் நம்பருக்குப் போன் செய்து பதிவு எண் கேட்டார். "சார் மீட்டிங்ல இருக்கார்" என்றார்களாம். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலுக்கு அரியலூர் ஸ்டேஷனில் அவர்களை வழியனுப்பப் போயிருந்தேன். பையன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தாத்தாவின் சினேகிதர் என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், வேண்டாம் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "பெரிய தாத்தா, அந்த நானோ விஷயம் எனக்கும் படிக்க வேணும், அனுப்புறீங்களா" என்று கேட்டான். கீமோ ஏறும்போது நேரம் போகாதாம். படித்ததை எல்லாம் பிரிண்ட் எடுத்து, பெரிய கவரில் போட்டு, நேற்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியிருக்கிறேன். விலாசத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன்.